ஒட்டிக்கொண்ட முட்டு

சூளைக் கதவைத் திறந்ததும் பானுமதி முதலில் பீங்கான் பொம்மை விமானத்தைத்தான் தேடினாள்.

முழுசாக வந்திருந்தது. மேலே ஒரு இறக்கை, கீழே ஒரு இறக்கை, படிக்கிறவனுக்கும் சொல்லிக் கொடுக்கிறவருக்குமாக இரண்டு இருக்கை.

இதற்கு முன் சுட்ட மூன்றும் சூட்டில் மேல் இறக்கை தொய்ந்து உடைந்துபோயின. அதனால் இந்தத் தடவை இரண்டு இறக்கைக்கும் நடுவில் ஒரு களிமண் முட்டு கொடுத்திருந்தாள். யானை பொம்மையின் தும்பிக்கைக்குக் கொடுப்பது மாதிரிதான். சுட்ட பிறகு தட்டி எடுத்துவிடலாம்.

ஒட்டாமல் இருக்க முனையில் பூசும் பொடியைத்தான் மறந்துபோனாள். முட்டு இறக்கையோடு இறக்கையாக உருகி நின்றது.

ஷெட் வாசலில் சக்கரபாணி ஐயா காத்திருந்தார். எண்பத்தாறு வயது. கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து முதல் பஸ்ஸுக்கே வந்துவிட்டார்.

அசல் விமானம், வெள்ளைக்காரன் காலத்தில் ராணுவத்துப் பிள்ளைகளுக்குப் பறக்கக் கற்றுக்கொடுக்கச் செய்தது. ஒன்றே ஒன்றுதான் செய்தார்கள். அதன் இறக்கைக்கு மரம் இழைத்த தச்சர் இவருடைய அப்பா.

அதன் போட்டோ ஒன்று இவரிடம் இருக்கிறது. பார்வை போய்விட்டதால் இப்போது அது வெறும் அட்டை. விரலாலாவது பார்க்க வேண்டும், போட்டோவில் உள்ளபடியே, ஒரு குச்சி கூடாமல் குறையாமல் என்று கேட்டிருந்தார்.

"ஐயா, நடுவுல முட்டு ஒட்டிக்கிச்சு. தட்டுனா இறக்கையும் சேந்து வந்துடும். ஒரு வாரம் குடுங்க, வேற சுட்டுத் தரேன்."

"போன வாரமும் இதையேதான் சொன்ன, பாப்பா. கொண்டா இப்டி."

மடியில் வைத்துத் தடவினார். மூக்கு, சக்கரம், கீழ் இறக்கை. விரல் முட்டில் வந்து நின்றுவிட்டது.

பானுமதி திட்டு வாங்கத் தயாராக நின்றாள்.

அவர் அந்த முட்டின் மேல் விரலைக் கீழிருந்து மேலாக ஓட்டினார். திரும்பவும் ஓட்டினார்.

"நடுவுல ஒன்னு குடுக்கணும்னு எங்கப்பா தலபாடா அடிச்சிக்கிட்டாராம். கனம் ஏறும்னு வேணான்னுட்டாங்க. மேல போனதும் இறக்க மடங்கிடுச்சி. அதோட செய்யறதையே வுட்டுட்டாங்க."

தட்டிப் பார்க்கலாமா என்று எடுத்திருந்த உளியைப் பானுமதி கீழே வைத்தாள். வைக்கோல் பரப்பிய அட்டைப்பெட்டியை எடுத்து வந்து, "அப்பா அப்புறம் என்ன பண்ணாருங்க?" என்றாள்.

"மொத தடவ பறக்கறப்ப செஞ்சவனும் கூட ஏறணும்னு அவரையும் ஏத்திக்கிட்டாங்க. அன்னிக்கி நான் அம்மா வயித்துல ஏழு மாசம்."

பீங்கானில் இன்னும் சூளையின் வெதுவெதுப்பு இருந்தது. அது ஆறும்வரை அவர் அதைப் பெட்டிக்குள் வைக்கவிடவில்லை.