நாய் மாத்திரை

மாடிவீட்டுப் பெண் கதவைத் திறந்ததும், கீழ்வீட்டு அக்கா மூச்சிரைக்கக் கேட்டாள்.

"தடால்னு சத்தம் கேட்டுச்சே. நாய்க்கு மறுபடியும் வலிப்பா?"

"ஆமாக்கா. இப்பதான் அடங்குச்சு."

அக்கா உள்ளே எட்டிப் பார்த்தாள். "சமையல் மேடை முனைக்குக்கூடத் துணி சுத்தியிருக்கே? அவ்வளவு உயரத்துக்கா எகிறும்?"

"வந்தா எங்கே விழும்னு அதுக்கே தெரியாதுக்கா."

"ஏண்டி, நான் சொன்ன பையன் வீட்டுல இன்னும் உன் பதிலுக்குக் காத்திருக்காங்க. இதை எங்கயாவது விட்டுட்டுக் கல்யாணத்தைப் பண்ணிக்கோ. வலிப்பு இருக்கறதை யாரு வீட்டுல சேர்ப்பாங்க?"

"சேர்க்க மாட்டாங்கதான்."

"மாத்திரையை ஒழுங்கா குடு."

"காலைல மறந்துட்டேன்க்கா."

'பாவம்' என்று நாயின் தலையைத் தடவிவிட்டு அக்கா படியிறங்கினாள்.

மாடிவீட்டுப் பெண் கதவைச் சாத்தினாள். கடிபட்ட நாக்கில் ஊறியிருந்த ரத்தத்தைத் துப்பி, வாய் கொப்பளித்து, மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தாள். ஒருநாளும் வலிப்பு வந்திராத நாய் எழுந்து வந்து அவள் காலோடு ஒட்டி உட்கார்ந்தது.

"கோவிச்சுக்காதடா" என்றாள். "உனக்குன்னு சொன்னா ஓடி வந்து தலையைத் தடவுறாங்க. எனக்குன்னு தெரிஞ்சா படியே ஏற மாட்டாங்க."