தேதி போடாத செய்தி

மகளுக்குக் கல்லீரல் மாற்றப் பண உதவி கேட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பிய அன்று தணிகாசலம் எல்லாவற்றையும் சரியாகத்தான் போட்டிருந்தார். அருள்மொழியின் போட்டோ, மூன்றாம் வகுப்பு, தன் செல் நம்பர். தேதியை மட்டும் போடவில்லை. பாதிப் பணம் சேர்வதற்குள் குழந்தை போய்விட்டாள். செய்தி மட்டும் இன்னும் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆரம்பத்தில் போன் செய்தவர்களிடம் உள்ளதைச் சொன்னார். கேட்டு அழுதவர்களை அவர்தான் தேற்ற வேண்டியிருந்தது. நம்பரை மாற்றச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன மனைவி அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள். நேற்று மத்தியானம் ராஜபாளையத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

"அண்ணே, பாப்பாவுக்கு இன்னும் பணம் தேவைப்படுதா?"

"வேண்டாம்மா. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிருச்சு."

"அப்பாடா! இப்ப என்ன படிக்குது?"

அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

"எட்டாவது. கணக்குதான் வர மாட்டேங்குது."

"ஒரு ட்யூஷன்ல சேத்து விடுங்கண்ணே, சரியாப் போயிரும்."

சாயங்காலம் வேலை விட்டு வரும் வழியில், ட்யூஷன் போர்டு தொங்கிய வீட்டின் முன்னால் சைக்கிளை நிறுத்தி, எட்டாவதுக்கு இடமிருக்கிறதா என்று கேட்டார்.