பழக்கிய ஷூ

கூடத்தில் அண்ணன், அண்ணி, தங்கை, ஜன்னலோர நாற்காலியில் ஞாபகம் மங்கிப்போன அப்பா. அவர் தெருவில் இறங்கித் தொலைந்துவிடுவார் என்பதால், வெளியே போகிறவர்கள் பூட்டிக்கொண்டு போவதுதான் இந்த வீட்டு வழக்கம். மேஜையில் விரித்த வரைபடத்தின் மேல் மாலை வெயில் கிடக்கிறது. இவர்களில் யாரும் இதுவரை பார்க்காத நாடு. காலையில் எந்தக் கோட்டை, சாயங்காலம் எந்தக் கடைத்தெரு என்று தங்கைதான் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருக்கிறாள். கோட்டைப் படிகளில் காலைக் கடிக்கக் கூடாதென்று புது ஷூவை வாரக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்து பழக்குகிறாள். இப்போதும் காலில் அதுதான்.

"பிளானைக் கச்சிதமா போட்டுட்டே. ஏஜென்ட் கடையை மூடறதுக்குள்ள ரெண்டு டிக்கெட்டையும் எடுத்துடறோம்" என்கிறான் அண்ணன்.

"ரெண்டா? அப்ப நான்?"

"அப்பாவை யாரும்மா பாத்துக்குவா? நீ இருக்கேங்கற தைரியத்துலதானே நாங்களே கிளம்பறோம்."

பென்சில் உருண்டு கீழே விழுகிறது. அப்பா அதைப் பார்த்துச் சிரிக்கிறார். அண்ணியின் கண் ஷூவில் நிற்கிறது. "நமக்கு ஒரே அளவுதானே? கழட்டிக் குடேன், போட்டுப் பாக்கறேன்."

தங்கை குனிந்து நாடாவை அவிழ்க்கிறாள். அண்ணி நாலடி நடக்கிறாள். "அட, கடிக்கவே இல்லையே!" அதே ஷூவோடு படியிறங்குகிறாள். பின்னாலேயே போகும் அண்ணன் கதவைச் சாத்தி, வழக்கம்போல் வெளியிலிருந்து பூட்டுகிறான்.