முந்த முடியவில்லை என்று ஒரு கடிதம்

கென்யாவின் இடென் ஊர்க் கடைத்தெருவில், நகலெடுக்கும் கடையின் தகரக் கூரை வெயிலில் சடசடக்கிறது. ஷூவில் ஒட்டிய காலை ஓட்டத்தின் செம்மண் இன்னும் காயவில்லை; ஜெலாகட் பேனாவை மூடி மூடித் திறக்கிறாள். மேஜைமேல், அவளுடைய தோழி ஜெரோப் அமெரிக்காவில் குடியேறுவதற்காக, தான் அபூர்வமான ஓட்டக்காரி என்று நிரூபிக்கச் சேர்த்த காகிதக் கட்டு. ஒரு படத்தில் ஜெரோப் வெற்றி நாடாவை மார்பால் தள்ளுகிறாள். இன்னொன்றில், முன்னால் ஓடும் ஜெலாகட்டின் தோள் அவள் முகத்தைப் பாதி மறைக்கிறது. மாரத்தானில் முப்பதாவது கிலோமீட்டர் வரை முன்னே ஓடி வேகம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதுதான் ஜெலாகட்டின் வேலை. பரிசுப் பட்டியலில் அவள் பெயர் வந்ததே இல்லை. வக்கீல் அனுப்பிய சாட்சிக் கடிதத்தில் அவள் கையெழுத்து மட்டும் பாக்கி. ‘எத்தனை முயன்றும் இவளை என்னால் முந்த முடியவில்லை’ என்ற வரியைவிட்டு அவள் விரல் நகரவில்லை.

“போடுடி, கூரியர் வண்டி நாலு மணிக்குப் போயிடும்,” என்கிறாள் ஜெரோப்.

“நான் எப்ப உன்னை முந்தப் பார்த்தேன்? முந்தறதுக்கா என்னைக் கூட்டிட்டுப் போனாங்க?”

“வக்கீல் எழுதினதுடி அது. ஏன், வயித்தெரிச்சலா?”

“ஆமா.”

சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து. ஜெலாகட் பேனாவை வைத்துவிட்டுக் குனிந்து, ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டுகிறாள். “நாப்பத்திரண்டு கிலோமீட்டர். முழுசா. இப்பவே வா. முந்த முடியலைன்னா வந்து போடறேன்.”

ஜெரோப் சிரிக்கிறாள். ஜெலாகட் தெருவில் இறங்கி நிற்கிறாள். சிரிப்பு பாதியில் நிற்க, ஜெரோப்பின் கை மெல்லத் தன் ஷூ கயிற்றுக்குப் போகிறது.