பிரேக்கை விட்டபோது

மேலும் கீழும் போய்வந்து சாயம் கலக்கும் புதிய எந்திரத்தின் தட்டு, காலித் தொட்டிக்கு மேலே நின்றது. பழைய எந்திரத்தில் பிரேக் நழுவித் தட்டு விழுந்து, தொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்த மரியபுஷ்பத்தின் விரல்கள் நசுங்கியிருந்தன.

“பிரேக்தான் இருக்கே. எதுக்கு எதிர்ப்பக்கம் இவ்வளவு இரும்பைத் தொங்க விட்டிருக்கீங்க?” என்றார் முதலாளி.

எந்திரத்தை வடிவமைத்த இளம்பரிதி தட்டுக்கு அடியில் கையை நீட்டினான். “அக்கா, பிரேக்கை விடுங்க.”

மரியபுஷ்பம் அசையவில்லை. “தினமும் துடைக்கப்போறது நான். கையை எடுங்க தம்பி.”

“தட்டும் அந்த இரும்பும் ஒரே எடை. கணக்குப் போட்டது நான்தானேக்கா.”

“அப்போ ரெண்டு பேரும் வைப்போம்.” சிலுவை போட்டுக்கொண்டு, அவன் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தாள். பிரேக்கை விட முதலாளிதான் மிச்சம்.

“முருகா, பார்த்துக்கோ,” என்று முணுமுணுத்தபடி அவர் பிடியைத் தள்ளினார்.

தட்டு இறங்கவில்லை. மரியபுஷ்பம் கண்ணைத் திறந்து, ஒரு விரலால் அதைக் கீழிருந்து தொட்டாள். இரண்டு ஆள் தூக்க முடியாத அந்தத் தட்டு, தூங்கும் பிள்ளையின் தொட்டிலைப்போல மெல்ல நகர்ந்து, அவள் விரலை எடுத்த இடத்திலேயே நின்றது.

“இன்னொருக்கா தள்ளட்டுமா தம்பி?” என்றாள்.

முதலாளியும் தட்டுப் பக்கம் வந்து கைக்கடிகாரத்தைக் கழற்றத் தொடங்கினார்.