இடக்காலுக்கு வேலையில்லை

"உவர் எங்களுக்குக் கார் தரமாட்டார், அக்கா. நீ பாத்துக்கொண்டிரு."

சொன்னவள் தர்சனா. பிரியவதனியின் தங்கை. மனதில் பட்டதை வாய்க்குள் வைத்திருக்கத் தெரியாதவள்.

"உவர்" என்றது வாகீசனை. இறுப்பிட்டிச் சந்தியில் ஹாட்வெயார் கடை வைத்திருந்தவர். கனடாவுக்கு விசா வந்து, கடையை மச்சானிடம் ஒப்படைத்தாயிற்று. மிச்சம் கார்தான். சின்னப் பெற்றோல் கார், ஒட்டோ கியர். விலை பேசி முடித்து, "அடுத்த கிழமை கொண்டுவந்து விடுறன்" என்று சொல்லியிருந்தார். அந்த அடுத்த கிழமையோ வந்து வந்து போய்க்கொண்டிருந்தது.

"கார் திருத்திற கராச்சில நிக்குதாம். சின்ன வேலை ஒண்டு இருக்காம். நல்ல நொண்டிச்சாட்டு." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பிரியவதனி சிரித்தாள். "நொண்டி நான். சாட்டு அவரின்ரை."

சிரித்தாளே தவிர, உள்ளுக்குள் பயம். சண்டைக் காலத்தில் செல் குண்டுத் துண்டு பட்ட இடக்கால் அவளுக்கு. தூக்கி வைத்தால் வைத்த இடத்தில் இருக்கும், அவ்வளவுதான். வேலணை ஆசுபத்திரியில் மருந்து கொடுக்கும் உத்தியோகம். ஊன்றுகோலோடு பஸ்ஸின் உயரப் படியில் ஏறுவதற்கு, பின்னால் நிற்பவர் யாராவது பிடித்துத் தள்ளிவிட வேண்டும். போன மாதம் படியிலேயே விழுந்தும் விட்டாள். கார் கிடைக்காவிட்டால் வேலையை விடுவதென்று அன்றே முடிவெடுத்தாள்.

கிளச் இல்லாத காரென்றால் வலக்கால் ஒன்று போதும். யாழ்ப்பாணத்தில் பழகி, லைசன்சும் எடுத்து வைத்திருந்தாள்.

"ரவுணில ஒரு பார்ட்டி கூட விலைக்குக் கேட்டிருக்காம். ஆக்கள் கதைக்கினம்" என்றாள் தர்சனா.

பிரியவதனியை உறுத்தியது வேறொன்று. விலை பேசி முடிந்ததும், "ஒருக்கா ஏறி இரும் தங்கச்சி" என்றார் வாகீசன். ஏறி இருந்தாள். மனுசன் குனிந்து அவள் காலையே பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது. அதன் பிறகுதான் இந்த இழுத்தடிப்பு. இவள் காரை எங்கேயாவது கொண்டுபோய் மோதுவாள் என்று நினைத்திருப்பார்.

அடுத்த நாள் காலை பஸ் தாம்போதியில் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் கடல், நடுவில் ஒடுங்கிய வீதி. எதிரே வந்த கார் ஒன்று பஸ்ஸுக்கு வழிவிட்டு ஓரமாக நின்றது. அதே கார். கண்ணாடி இறக்கியிருந்தது.

ஜன்னலோரம் இருந்த பிரியவதனி மேலிருந்து எட்டிப் பார்த்தாள். ஸ்டியரிங்கில் வாகீசன். இடக்காலை மடக்கி, துவாயால் இறுக்கிக் கட்டி, சீற்றில் தூக்கி வைத்திருந்தார்.

"உவருக்கென்ன விசரே?" என்று பஸ்ஸில் யாரோ சிரித்தார்கள்.

பிரியவதனிக்குச் சிரிப்பு வரவில்லை. தன்னைப்போல ஒற்றைக்காலால் கார் ஓடிக் கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தாள். பின்னேரம் வீட்டுக்கு வந்தவள் தங்கையைக் கண்டதும் அழுதுவிட்டாள்.

"எனக்கு அந்தக் கார் வேண்டாம். இந்த வேலையும் வேண்டாம்."

ஞாயிற்றுக்கிழமை கேற்றில் ஹோர்ன் கேட்டது. வாகீசன் காரோடு வந்து நின்றார். தர்சனா அவரை உள்ளே வரச் சொல்லவில்லை.

"பகிடி பண்ணி முடிஞ்சுதோ? காலைக் கட்டிக்கொண்டு தாம்போதியில ஓடினீங்களாம்."

வாகீசன் சங்கடப்பட்டார். "அதைக் கண்டனீங்களோ" என்றவர், பிரியவதனியிடம் கார்த் திறப்பை நீட்டினார். "ஒருக்கா ஓடிப் பாரும் தங்கச்சி. பிடிக்கேல்லையெண்டா நான் கொண்டுபோறன்."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆனால் ஆசை விட்டால்தானே. ஏறி ஒழுங்கை முடிவு மட்டும் போய், திருப்பிக்கொண்டு வந்தாள். கார் சொன்னபடி கேட்டது. கேற்றடியில் நிறுத்தியதும், பழகின பழக்கத்தில் இடக்கை தானாகப் போய் ஹாண்ட் பிறேக்கை இழுத்தது.

அதைப் பார்த்ததும் வாகீசன் வாய் நிறையச் சிரித்தார். டிக்கியைத் திறந்து, காலால் மிதிக்கிற இரும்புத் துண்டு ஒன்றை எடுத்துக் காட்டினார்.

"இந்தக் காருக்கு ஹாண்ட் பிறேக் இருக்கேல்லை தங்கச்சி. அதுக்குப் பதிலா இதுதான் இருந்தது. இடக்காலால மிதிக்கிறது. எனக்கு அந்த எண்ணமே வரேல்லை. நீர் ஏறி இருக்கேக்கதான் கண்ணில பட்டது. பிறேக்கில இருந்த வலக்காலை எடுத்து இதை மிதிக்கப் போனா, அதுக்குள்ள கார் உருளுது. பிறகு பழைய கார் உடைக்கிற இடமெல்லாம் திரிஞ்சு, இதே மாதிரிக் காரின்ரை ஹாண்ட் பிறேக் ஒண்டு தேடிப் பிடிச்சுப் பூட்டினது."

"அப்ப காலைக் கட்டினது?" தர்சனாவின் குரல் இறங்கியிருந்தது.

"இன்னும் எங்கையாவது இடக்கால் தேவைப்படுதோ எண்டு பாக்கத்தான். சும்மா விட்டா அது தன்ரை பாட்டில உதவிக்குப் போகுது."

பிரியவதனி ஹாண்ட் பிறேக்கில் வைத்த கையை எடுக்கவில்லை. கண் நிறைந்துவிட்டது. இத்தனை நாளும் மனதுக்குள் திட்டிய மனுசனை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

"அண்டைக்கே ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, அண்ணை?"

"சொல்லியிருந்தா, இந்தக் காரும் எனக்கில்லை எண்டு நீர் அண்டைக்கே இறங்கிப் போயிருப்பீர்."