அனுமதி கேட்கும் பாடம்

ஜெர்மன் பரீட்சை எழுதவிருந்த கஜானிக்குப் படிப்பிக்க, வசீகரன் யாழ்ப்பாணத்திலிருந்து கரம்பொனுக்கு பஸ்ஸில் வருவான். பாடம் முடியும்வரை அவளுடைய தகப்பன் வல்லிபுரம் பக்கத்துக் கதிரையில் பேப்பரோடு இருப்பார். மூன்று மாதமாக இதே காவல்தான்.

அன்று பணிவாக அனுமதி கேட்கும் பாடம்.

"'டார்ஃப் இஷ்' எண்டால், 'நான் செய்யலாமோ' எண்டு கேக்கிறது," என்றான் வசீகரன். பிறகு குரலை மாற்றாமல் ஜெர்மனிலேயே, "நான் உம்மைக் கலியாணம் செய்யலாமோ?" என்றான்.

பேப்பர் அசையவில்லை. கஜானியும் ஜெர்மனில் பதில் சொன்னாள்.

"அதை அப்பாவிட்டைக் கேளுங்கோ, சேர்."

"தமிழிலை கேக்கப் பயமாக் கிடக்கு."

"அப்ப ஜெர்மனிலை கேட்டுப் பழகுங்கோ."

வசீகரனுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. பேப்பரைப் பார்த்து, "உங்கட மகளை நான் கலியாணம் செய்யலாமோ?" என்று ஜெர்மனில் ஒரே மூச்சில் கேட்டான்.

வல்லிபுரம் பேப்பரை மடித்தார். வசீகரனைவிட நல்ல ஜெர்மனில், "'தயவுசெய்து' எண்ட சொல்லை விட்டிட்டீர்," என்றார்.

வசீகரன் கதிரையிலிருந்து துள்ளி எழும்பினான்.

"பதினொரு வருசம் ஜெர்மனியிலை சமையல் வேலை செய்தனான், தம்பி. கதைக்க வரும், எழுதப் படிப்பிக்க ஏலாது. இவள் உமக்குச் சொல்லேல்லையோ?"

கஜானி கொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள்.

"அப்ப ஐயா, மூண்டு மாசமாய் நான் சொன்னதெல்லாம்..."

"விளங்கினது. கிழட்டுக் காவல்காரன் எண்டு சொன்னதும் விளங்கினது. ஞாயிற்றுக்கிழமை உம்மட அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாரும்."